ஏழு விநாடி

கல்லூரி விண்ணப்பத்தில் எந்தப் பிரிவு வேண்டும் என்று கேட்டிருந்த கட்டத்தில் அவன் ரோபோட்டிக்ஸ் என்று எழுதியதற்கு ஒரே ஒரு காரணம்தான். அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. இயந்திரங்களோடு பிழைப்பு அமைந்துவிட்டால் மனிதர்களிடம் அதிகம் பேச வேண்டியிருக்காது.

பேசுவது அவனுக்கு அத்தனை பாடு. பேருந்து தன் நிறுத்தத்தைத் தாண்டினால் குரல் கொடுக்க மாட்டான். அடுத்ததில் இறங்கித் திரும்பி நடந்து வருவான். அக்கா பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்தாள். "காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஊரையே வாயைத் திறக்க வைக்கிறேன். வீட்டுக்கு வந்தா உன் வாயை மட்டும் திறக்க முடியல" என்பாள். அதற்கும் அவன் சிரிப்பான், அவ்வளவுதான்.

அவன் என்ன படிக்கிறான் என்பது குடும்பத்தில் யாருக்கும் கடைசிவரை விளங்கவில்லை. சித்தப்பா பார்க்கும்போதெல்லாம், "பாத்திரம் கழுவற மாதிரி ஒண்ணு செஞ்சு குடுடா. உங்க சித்திக்கு விடுதலை வாங்கிக் குடுத்துடறேன்" என்பார். "முதல்ல உங்களை மாதிரி ஒண்ணு செய்யச் சொல்லுங்க. அதாவது சொன்ன பேச்சைக் கேக்கும்" என்பாள் சித்தி, உள்ளேயிருந்தே.

கல்லூரிக்குப் போன முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது, கண் சிமிட்டிக் கைகுலுக்கும் பொம்மை மனிதர்கள் யாரும் அங்கே இல்லை என்று. இருந்தது ஆரஞ்சு நிறத்தில் ஒரே ஒரு பழைய இரும்புக் கை. தோள், முழங்கை, மணிக்கட்டு என்று ஆறு மூட்டுகள். ஏதோ தொழிற்சாலை வேண்டாமென்று கொடுத்தது. அறுபது மாணவர்களுக்கு அது ஒன்றுதான். அதை இயக்கும் கைப்பலகை ஒவ்வொருவருக்கும் வாரத்துக்கு நான்கு நிமிடம் கிடைக்கும். மற்ற நேரமெல்லாம் கணக்கு. கை எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது தெரியும். அதற்கு ஒவ்வொரு மூட்டும் எத்தனை பாகை மடங்க வேண்டும் என்று கண்டுபிடிக்க வேண்டும். பக்கம் பக்கமாகப் போகும். ஒரே இடத்தைத் தொட எட்டு வழி இருப்பதாகக் கணக்கு சொல்லும். அதில் ஐந்து வழியில் கை தன்னையே இடித்துக்கொள்ளும். இந்தச் செய்தி அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மற்றவர்கள் அந்தக் கையை ஓட்டுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். எது எப்போது தடுமாறும் என்று அவனுக்கு முன்கூட்டியே தெரியும், சொல்லத்தான் மாட்டான். கூடப் படித்தவர்கள் அவனுக்கு 'சென்சார்' என்று பேர் வைத்தார்கள். எல்லாவற்றையும் கவனிக்கும், வாய் கிடையாது.

படிப்பு முடிந்ததும் அறுபது பேரும் அறுபது திசையில் போனார்கள். ஒருத்தி பெரிய மருத்துவமனையில், அறுவை சிகிச்சை மேசைக்கு மேலே நிற்கும் இயந்திரக் கைகளைக் காலையில் சரிபார்த்துக் கொடுக்கும் வேலைக்குப் போனாள். ஒருவன் கிடங்கில், அலமாரிகளைச் சுமந்து ஓடும் தட்டை வண்டிகளுக்கு வழி எழுதினான். இன்னொருவன் வயலுக்கு மேல் மருந்து தெளிக்கும் டிரோன் விற்றான். வகுப்பில் முதலாவதாக வந்தவன் கார் கம்பெனியில் வெல்டிங் வரிசைக்குப் பொறுப்பாளனானான். இருவர் காப்பீடு விற்கப் போய், மற்ற எல்லோரையும்விட நன்றாக இருந்தார்கள்.

சென்சாருக்கு இரண்டு வருஷம் எதுவும் அமையவில்லை. எழுத்துத் தேர்வில் எல்லாம் முதல் பத்துக்குள் வருவான். நேர்முகத்தில், "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்ற முதல் கேள்வியிலேயே நின்றுவிடுவான். தன்னைப் பற்றி அவனுக்கே பெரிதாக எதுவும் தெரியாது, இருந்தால்தானே சொல்ல? கடைசியில், தொழிற்சாலைகளுக்கு ரோபோ பொருத்திக் கொடுக்கும் சிறிய நிறுவனம் ஒன்று கேள்வியே கேட்காமல் ஓர் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனது. அங்கே ஒரு கை, பெட்டியைத் தூக்கித் தூக்கி நடுவழியில் போட்டுக்கொண்டிருந்தது. ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டும். மற்றவர்கள் கணினியைத் திறந்தார்கள். இவன் இருபது நிமிடம் சும்மா நின்று பார்த்தான். பிறகு போய், மூன்றாவது மூட்டு மடங்கும்போது மட்டும் வாய் பிளக்கும் காற்றுக் குழாயை விரலால் தொட்டுக் காட்டினான். வேலை கிடைத்தது. ஆறு மாதம் தகுதிகாண் காலம்; அதன்பிறகு நிரந்தரம்.

இரண்டாம் மாதத்தில் அவனை ஒரு சோப்புத் தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். வாசனைக் கூடம் அது. வாசலில் மணக்கும், அரை மணியில் தலை வலிக்கும். அங்கே அவர்கள் பொருத்திய ரோபோ, அச்சிலிருந்து வரும் சோப்புக் கட்டிகளை ரப்பர் உறிஞ்சிகளால் எடுத்து, பன்னிரண்டு பன்னிரண்டாக ஓர் அட்டைத் தட்டில் அடுக்கி, முன்னாலிருக்கும் நீண்ட மேசைக்குத் தள்ளும். மேசையின் இருபுறமும் பத்துப் பெண்கள். தட்டில் உடைந்த கட்டி இருக்கிறதா என்று பார்த்து, விளம்பரத் தாளை வைத்து, மூடியை மடித்து, ஒட்டி, நகரும் பெல்ட்டுக்கு அனுப்ப வேண்டும். தட்டுகள் தேங்கினால் சிவப்பு விளக்கு எரியும், மணி அலறும். தட்டு எத்தனை விநாடிக்கு ஒன்று வரவேண்டும் என்று, அதாவது சைக்கிள் டைமை, கணக்கிடுவது சென்சாரின் வேலை. கணக்கிட்டான். ஏழு விநாடி.

நான்கு மாதம் கழித்து அந்தத் தொழிற்சாலையிலிருந்து புகார் வந்தது. ரோபோ தினமும் பத்துப் பதினொரு முறை நின்றுவிடுகிறது. வேலை நிரந்தரமாகும் கன்ஃபர்மேஷனுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்த நேரம். சீனியர், "நீ போட்ட மிஷின், நீயே போய்ப் பாரு" என்று அவனை அனுப்பினார்.

புரொடக்‌ஷன் மேனேஜர் கதவருகிலேயே பிடித்துக்கொண்டார். ரோபோவுக்கும் மேசைக்கும் நடுவே கம்பி வேலி கிடையாது. இரண்டு மஞ்சள் தூண்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை மட்டும். கையோ காலோ திரையைத் தாண்டினால் ரோபோ அந்த நொடியே உறைந்துவிடும். மறுபடி கிளப்ப, சாவி போட்டு, கையை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவந்து, பாதித் தட்டைத் தூக்கியெறிந்து, எல்லாமாக நான்கு நிமிடம். இப்போது யாரும் தாண்டாமலே திரை நிறுத்துகிறது என்பது மேனேஜரின் புகார்.

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள என்ன காரணம்னு எழுத்துல வேணும். இல்லேன்னா அந்தத் திரையைக் கழட்டி வச்சுட்டு ஓட்டப் போறேன். மேலேர்ந்து என்னைப் பிடுங்கறாங்க தம்பி."

"திரையைக் கழட்டக் கூடாது சார்." அன்றைக்கு அவன் பேசிய ஒரே வாக்கியம் அதுதான்.

செவ்வாய் முழுக்கத் தூண்களின் கண்ணாடியைத் துடைத்தான். சோப்புத்தூள் படிந்திருக்கலாம். கேபிளை மாற்றினான். மேற்குச் சன்னல் வெயில் விழுகிறதோ என்று அட்டை வைத்து மறைத்தான். அவன் பக்கத்தில் நின்றவரை ரோபோ ஒருமுறைகூட நிற்கவில்லை. டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்டுப்போன கதை. அவன் கழிவறைக்குப் போய்த் திரும்பினால் நின்றிருந்தது.

"உங்களைப் பார்த்தா பயப்படுது சார், பாவம்" என்றாள் மேசைக்குத் தலைவியான பெண். எல்லோரும் லீடர் என்று கூப்பிட்டார்கள். அவன் வயதுதான் இருக்கும். "வீட்ல ரொம்ப அடிச்சு வளர்த்தீங்களோ?"

மேசை முழுக்கச் சிரித்தது. அவன் காது சூடானது.

புதன்கிழமை அவனுக்குத் தெரிந்த ஒரே வித்தையைச் செய்தான். வெற்று அட்டைகள் அடுக்கியிருந்த மூலையில் போய் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒன்பது மணிக்கு எல்லோரும் அவனைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பத்தரைக்கு எப்போதாவது பார்த்தார்கள். பதினொன்றரைக்கு அவன் அட்டையோடு அட்டையாகிவிட்டான். இந்த விஷயத்தில் அவனுக்குப் பிறவியிலேயே கைராசி.

பதினொன்றே முக்காலுக்கு, மேசையின் கோடியில் நின்ற, மணிக்கட்டில் வலிக்குத் துணிப்பட்டை சுற்றியிருந்த பெண் தலை நிமிராமல் என்னவோ முணுமுணுத்தாள். ரோபோவுக்கு அருகே நின்ற பெண், மடித்துக்கொண்டிருந்த அட்டையின் ஓரத்தை ஒளித்திரைக்குள் ஒரு சாண் நீட்டினாள். அவ்வளவுதான். ரோபோ, சோப்பைப் பிடித்தபடி, அந்தரத்தில் நின்றது.

இருபது கைகள் ஒரேசமயத்தில் தொங்கின. ஒருத்தி கட்டைவிரலை மறு கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். ஒருத்தி தண்ணீர் குடித்தாள். இருவர் கழிவறைக்கு ஓடினார்கள். பட்டைக்காரி தரையில் உட்கார்ந்து, முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டாள். லீடர் நிதானமாக நடந்து போய்ச் சாவிக்கு ஆள் கூப்பிட்டாள். ரோபோ மறுபடி அசைந்தபோது ஓடினவர்கள் திரும்பியிருந்தார்கள்.

சென்சார் அன்று சாயங்காலம் வரை எட்டு தடவை அதைப் பார்த்தான். வீட்டுக்குப் போகும் வழியில் சீனியருக்குப் போன் செய்து சொன்னான்.

"அடடே! அப்ப மிஷின்ல தப்பு இல்ல" என்றார் சீனியர் குதூகலமாக. "ஆபரேட்டர் தப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டு வா. உன் கன்ஃபர்மேஷன் லெட்டர் என் டேபிள்லதான் கிடக்கு, கையெழுத்துதான் பாக்கி."

"அவங்களை வேலையை விட்டு எடுத்துடுவாங்க சார்."

"அது அவங்க வீட்டு விவகாரம். நமக்கெதுக்கு?"

வீட்டில் அக்கா, அவன் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்ததைப் பார்த்துவிட்டு, "எந்தப் பல்லு வலிக்குது, சொல்லு" என்றாள். அவன் சொன்னான். காரணம் தெரியவில்லை என்று எழுதினால் திரையைக் கழற்றிவிடுவார்கள். என்றாவது ஒருநாள் யாராவது ஒருத்தியின் கை போகும். தெரிந்ததை எழுதினால் பத்துப் பேருக்கும் வேலை போகும். அக்கா தன் தட்டைச் சாப்பிட்டு முடித்தாள். பிறகு, "அந்த ஏழு விநாடி எங்கேர்ந்து வந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள். கைகழுவ எழுந்து போய்விட்டாள்.

அவன் பழைய குறிப்பைத் தேடி எடுத்தான். அவன் கையெழுத்துதான். காலை ஒன்பது பத்து முதல் ஒன்பது இருபது வரை. பத்து நிமிட வீடியோ. சராசரி ஏழு புள்ளி இரண்டு. ஏழு என்று கொள்ளப்பட்டது. வீடியோவைப் போட்டுப் பார்த்தான். வேலை தொடங்கிய முதல் பத்து நிமிடம். பெண்களின் முதுகுக்குப் பின்னால் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். யாரும் தலை நிமிரவில்லை. அந்தப் பத்து நிமிடத்தை அவன் எட்டு மணி நேரத்துக்கும் நீட்டியிருந்தான். கல்லூரியில் படித்த கணக்கில் எந்த மூட்டுக்கும் களைப்பு என்று ஒரு எழுத்து இருந்ததில்லை.

வியாழக்கிழமை பட்டைக்காரி வரவில்லை.

"ஒரு ஆள் குறையுது" என்றாள் லீடர், அவனைப் பார்த்து. "சம்பந்தி மாதிரி உக்காந்து பாத்துட்டே இருக்கீங்களே சார், வந்து கை குடுக்கறது."

கேலிக்குச் சொன்னாள். அவன் எழுந்து வந்து கோடியில் நின்றான். பார், தாள், மடி, ஒட்டு, தள்ளு. முதல் பத்து நிமிடம், இது ஒன்றும் பிரமாதமில்லை என்றிருந்தது. இருபதாவது நிமிடம், மூடி மடிக்கும் இடத்தில் கட்டைவிரல் நகத்தின் அடி எரிந்தது. நாற்பதாவது நிமிடம் தாள் வைக்காமல் மூடிய தட்டுகள் போய்க்கொண்டிருந்தது தெரிந்தும் அவனால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது.

"இப்ப நிக்கணுமே, நிக்க மாட்டேங்குதே, இல்ல?" என்றாள் லீடர் மெதுவாக, அவன் தட்டுகளையும் சேர்த்து மூடிக்கொண்டே.

"எப்படி நிக்குதுன்னு எனக்குத் தெரியும்" என்றான்.

அவள் கை நின்றது. ஒரு தட்டு அவளைத் தாண்டிப் போனது.

"பாத்துட்டீங்களா?"

"நேத்து."

"எழுதிடுவீங்களா?" குரலில் கேலி துளிகூட இல்லை. "எழுதறதா இருந்தா என் பேரை மட்டும் எழுதுங்க. நான்தான் யோசனை சொன்னேன். மத்தவங்க புள்ளகுட்டிக்காரங்க."

அவன் அடுத்த தட்டை மூடினான். தெரிந்ததைச் சொன்னான். "நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும் நேரம் வேணும். அதுவரைக்கும் அட்டையைத் திரைக்குள்ள விடாதீங்க. அது கையைக் காப்பாத்தறதுக்கு வச்சது. அதுமேல சந்தேகம் வந்துட்டா கழட்டிடுவாங்க."

"நிக்காம எப்படி சார்?"

"மணிக்கு ஒரு தடவை நானே நிறுத்தறேன். என் சோதனைன்னு சொல்லிக்கறேன்."

அன்றும் மறுநாளும் அவன் முதல் தடவை செய்யாமல் விட்ட வேலையைச் செய்தான். கடிகாரத்தை வைத்துக்கொண்டு, வேலை தொடங்கியது முதல் முடிகிறவரை, மேசையிலிருந்து எத்தனை விநாடிக்கு ஒரு தட்டு முடிந்து போகிறது என்று எழுதினான். முதல் மணி நேரத்தில் ஏழு. மூன்றாவதில் எட்டு. சாப்பாட்டுக்குப் பிறகு எட்டரைக்கு மேல். தாள் இல்லாமல், மூடி சரியாக ஒட்டாமல் திரும்பி வந்த தட்டுகள் எத்தனை என்று கிடங்கில் போய்க் கேட்டான். கிடங்குக்காரரிடம் அவன் அரை மணி நேரம் பேசியிருக்கிறான் என்பதை வெளியே வந்தபிறகுதான் உணர்ந்தான்.

வெள்ளிக்கிழமை நான்கே முக்காலுக்கு மேனேஜரின் மேசையில் ஒரு தாளை வைத்தான். மேனேஜர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார்.

"சைக்கிள் டைம் தப்பா கணக்கிடப்பட்டிருக்கு... கணக்கிட்டவர்..." அவர் நிமிர்ந்தார். "இது உங்க பேராச்சே."

"ஆமா சார்."

"சரி, அதுக்கும் திரை நிறுத்தறதுக்கும் என்ன சம்பந்தம்?"

"கை உள்ள போகுது சார். அந்த வேகத்துல வேலை செய்யற கை."

"யார் கை?"

அறைக்கு வெளியே மணி அலறி ஓய்ந்தது.

"யார் நின்னாலும் போகும் சார். நேத்து நான் நின்னேன். முக்கால் மணி நேரம் தாங்கல." பிறகு அவனே எதிர்பாராதபடி பேச்சு வந்துகொண்டே இருந்தது. "நான் பத்து நிமிஷம்தான் பாத்தேன். அதுவும் நீங்க பின்னாடி நின்னுட்டு இருந்தப்ப. நீங்க இப்ப ஏழு விநாடிக்கு ஓட்டறீங்க. சாப்பாட்டு நேரமும் திரை நிறுத்தற நேரமும் போக, ஷிஃப்டுக்கு மூவாயிரத்து முன்னூத்துத் தொண்ணூத்து நாலு தட்டு. அதுல முன்னூத்தம்பது திரும்பி வருது, மிச்சம் மூவாயிரத்து நாப்பத்து நாலு. எட்டு விநாடி வச்சு, மணிக்கு ஒரு தடவை அஞ்சு நிமிஷம் ரோபோவே நின்னா மூவாயிரத்து முப்பத்தேழு. வித்தியாசம் ஏழு தட்டு. அந்த அஞ்சு நிமிஷத்துல உறிஞ்சியைத் துடைக்கலாம். எப்படியும் துடைக்கணும், சோப்பு அடைக்குது."

மேனேஜர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிடங்குக்குப் போன் போட்டு, முன்னூற்றைம்பது சரிதானா என்று கேட்டார். வைத்தார்.

"யார் கைன்னு நான் மறுபடி கேட்டா சொல்லுவீங்களா?"

"மாட்டேன் சார்."

மேனேஜர் பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார். "உங்க சீனியர் இதைப் பாத்தாரா?"

"இல்ல சார்."

"பாத்தா குடுக்க விட்டிருப்பாரா?"

சென்சார் யோசித்தான். "விட்டிருக்க மாட்டார். குடுத்திருப்பேன். கொஞ்சம் லேட் ஆயிருக்கும்."

மேனேஜர் சிரித்த மாதிரியும் இருந்தது, பெருமூச்சு விட்ட மாதிரியும் இருந்தது. "ஒரு வாரம் ஓட்டிப் பாப்போம். ஏழு தட்டுக்குப் பதில் எழுபது குறைஞ்சா நான் உங்களைக் கூப்பிட மாட்டேன், உங்க முதலாளியைக் கூப்பிடுவேன்."

திங்கட்கிழமை கைப்பலகையில் ஏழு என்ற எண்ணை அழித்து எட்டு என்று போட்டான். ஒரு மணி நேரம் ஆனதும் ரோபோ தானாகவே ஓரமாக ஒதுங்கி, கையைத் தாழ்த்தி நின்றது. பச்சை விளக்கு அப்படியே எரிந்தது. பத்துப் பேரும் திகைத்துப் போய் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் கையைத் தொங்கவிடவில்லை.

"என்ன சார், கெட்டுப் போச்சா?" என்றாள் லீடர்.

"இல்ல. இது நிக்கற நேரம்."

"யார் சொன்னது?"

"மேனேஜர் கையெழுத்து போட்டிருக்கார்."

அவள் அவனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மேசையின் பக்கம் திரும்பி, "ஏய், உக்காருங்கடி!" என்றாள். பட்டைக்காரியை உட்கார வைத்துவிட்டுத் தான் கடைசியாக உட்கார்ந்தாள்.

அந்த வாரக் கடைசியில் அவனுடைய கடிதம் வந்தது. பணியில் கவனக்குறைவு காரணமாகத் தகுதிகாண் காலம் மேலும் ஆறு மாதம் நீட்டிக்கப்படுகிறது. சீனியர் போனில், "எழுத்துல ஒத்துக்கிட்டு வந்திருக்கியே, உன்னை என்ன சொல்றது" என்று கத்தினார். பிறகு குரலை இறக்கி, "வேலையை விட்டே எடுக்கச் சொன்னாங்க. நான்தான் மல்லுக்கட்டி வச்சிருக்கேன்" என்றார். அவன் நன்றி சொன்னான். கடிதத்தை அக்காவிடம் காட்டினான். அவள் இரண்டு தடவை படித்தாள். "கவனக்குறைவு" என்ற சொல்லில் விரலை வைத்து, "இது உண்மைதானே?" என்றாள். உண்மைதான் என்றான். "அப்ப சரி" என்று மடித்துக் கொடுத்தாள்.

அடுத்த மாதம் புதிய இடம். மருந்துப் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் கூடம். சீனியரும் வந்திருந்தார். அங்கும் ஒரு மேசை, அங்கும் இருபுறமும் ஆட்கள். காலை நேரத்து வேகத்தில் கைகள் பறந்துகொண்டிருந்தன. கால் மணி நேரம் போனதும் சீனியர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சைக்கிள் டைம் எவ்வளவு வருது?"

"தெரியல சார்."

"இவ்வளவு நேரம் பாத்துட்டுத்தானே இருந்தே?"

"மூணு நாள் ஆகும் சார்" என்றான் சென்சார். சீனியர் தலையில் அடித்துக்கொண்டு தேநீர் குடிக்கப் போனார். அவன் மேசையின் கோடிக்கு நடந்து போய், அங்கே நின்றவரிடம், "சாப்பாட்டுக்கு அப்புறம் எந்த விரல் முதல்ல வலிக்கும்?" என்று கேட்டான்.